சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னது என் கம்ப்யூட்டர்தான். காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகை ஒன்றை முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்து நின்றது. இந்த இயந்திரத்துக்கு எங்கள் ஆதரவு முடிந்துவிட்டது, புது சிஸ்டம் இதில் ஏறாது, புது இயந்திரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, மேலும் அறிய. இன்னொன்று, பிறகு நினைவூட்டு. 'போய் உன் வேலையைப் பார்' என்று மூன்றாவதாக ஒன்று இருந்திருந்தால் அதைத்தான் அமுக்கியிருப்பேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் சீக்கிரம் போகாது. எங்கோ ஒரு நாட்டில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவன், பாளையம்பட்டியில் டவுன் பஸ் திரும்புகிற முக்கில் இருக்கிற எங்கள் அச்சகத்துக்குள் வந்து, என் மேஜையடியில் இருக்கிற பெட்டிக்குச் சாவு ஓலை அனுப்புவதா? அன்றைக்கு அந்த அறிவிப்பை ஏழு தடவை மூடினேன். ஏழு தடவையும் திரும்ப வந்தது.

அச்சகம் என் மாமனாருடையது. முன்பக்கம் என் மேஜையும் மாதிரி அட்டைகள் அடுக்கிய அலமாரியும். பின்பக்கம் சின்ன ஆப்செட் மெஷின். அதை ஓட்டுவது என் வீட்டுக்காரர். சிவகாசிக்குப் போய் வெற்று அட்டைகள் எடுத்து வருவது கொழுந்தனின் வேலை. நான் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்த சான்றிதழோடு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வந்த வருஷம் வாங்கியது அந்தக் கம்ப்யூட்டர். பதிமூன்று வருஷமாக அதில் நான் அடிக்காத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கண்ணீர் அஞ்சலி இல்லை. பாலவனத்தத்திலிருந்து திருச்சுழிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் எத்தனையோ வீட்டுப் பீரோக்களில் என் கை பட்ட பத்திரிகை இருக்கிறது.

டவுனிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பைக்கை நிறுத்திவிட்டு வந்தவர், பெட்டியைத் தொடக்கூட இல்லை. திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது முடிஞ்சு போச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடுங்க."

"எது முடிஞ்சு போச்சு? கீபோர்டு அடிக்கிது. திரை தெரியுது. பிரிண்டு வருது. இதுல முடிஞ்சது எதுன்னு தொட்டுக் காட்டுங்க பாப்போம்."

"நான் சொல்லலக்கா. கம்பெனிக்காரன் முடிஞ்சிருச்சுன்னுட்டான்."

கொழுந்தன் இதற்காகவே காத்திருந்ததுபோல ஆரம்பித்தான். "எதுக்கு மதினி புதுசு? சிவகாசியிலயே டிசைனோட சேத்து அடிச்சுக் குடுக்குறான். பார்ட்டி குடுக்குற லிஸ்ட்டப் போட்டோ எடுத்து வாட்ஸப்புல தட்டிவிட்டா மறுநா அட்டை வந்துரும். நீங்களும் வீட்ல நிம்மதியா இருக்கலாம்ல."

வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று பெண்களிடம் சொல்கிறவர்கள் யாரும் ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்து பார்த்ததில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை மூடிமறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒருவர் சொல்ல இருப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பெரிய பெரிய தலைப்பாக் கட்டியவர்களெல்லாம், "தாய்மாமன் பேரு மேல வரணுமா, கீழ வரணுமாம்மா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும்வரை காத்திருப்பார்கள். பெட்டி போனால் அந்த நாற்காலியும் போகும்.

அந்த வாரம் முழுக்க போனில் தேடினேன். பழைய கம்ப்யூட்டர், புது சிஸ்டம் என்று எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் அடித்துப் பார்த்தேன். அப்படித்தான் லினக்ஸ் என்ற சிஸ்டம் கண்ணில் பட்டது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்தும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். அதில் பழைய பெட்டிகளுக்கென்றே கனமில்லாத ஒரு வகை. போன மாதம் வெளிவந்த புத்தம் புதுசு, பதினைந்து வருஷப் பெட்டியிலும் ஏறும் என்று எழுதியிருந்தது. ஒருவர் என்னுடையதைவிடக் கிழடான ஒன்றில் அதை ஓடவிட்டு வீடியோ போட்டிருந்தார். நான் அந்த வீடியோவை மனப்பாடம் ஆகும்வரை பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. கணக்குப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். போன் நெட்டில் அது இறங்கி முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. என் பழைய வேலைகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பத்திரப்படுத்தினேன். இன்னொரு பென்டிரைவில் புது சிஸ்டம். பெட்டியை ஆன் செய்கிற அந்த ஒரு நொடியில் ஒரு குறிப்பிட்ட விசையை விடாமல் அமுக்க வேண்டும். இரண்டு தடவை தவறவிட்டேன். மூன்றாவது தடவை பிடித்துவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி வந்தது. இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? பதிமூன்று வருஷம். ஆனாலும் ஏற்கெனவே செத்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே, இனிமேல் நான் என்ன புதிதாகக் கொன்றுவிடப் போகிறேன் என்று அமுக்கிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் எழுந்து நின்றது. முன்பு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்தான் திறக்கும். இப்போது முந்தானையைச் சரிசெய்வதற்குள் திறந்தது. நான் பழகிய தமிழ் டைப்ரைட்டர் விசைமுறைகூட உள்ளே இருந்தது. முதலில் என் பெயரை அடித்தேன். ஊரார் பெயரையெல்லாம் பதிமூன்று வருஷம் அடித்தவள், என் பெயரை என் கையால் அடித்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய். எழுத்துருக்கள் வந்துவிட்டன, ஆனால் பழைய டிசைன் எதுவும் புது சிஸ்டத்தில் திறக்கவில்லை. வாழைமரம், நாதஸ்வரம், பூர்ணகும்பம், கோர்த்த கைகள், ஓரக் கொடி எல்லாவற்றையும் அதிலேயே வந்த வரைகிற மென்பொருளில் முதலிலிருந்து வரைந்தேன். பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் நான்கு நாள் எடுத்தது. வளைத்தால் பாம்பு மாதிரி வந்தது, நிமிர்த்தினால் குழாய் மாதிரி வந்தது. மூன்று வாரம் கண் எரிய உட்கார்ந்து முடித்தேன். பழைய பிள்ளையார் யாரோ வரைந்தவர், இவர் நான் வரைந்தவர்.

விஷயம் வீட்டில் தெரிந்ததும் மாமனார் கேட்டார்: "காசு குடுக்காம வந்த சாமான் எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"கோயில் அன்னதானமும் காசு குடுக்காம வாரதுதான மாமா. அத மட்டும் வரிசையில நின்னு வாங்குறோம்ல?"

அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். கொழுந்தன் அடக்கவில்லை, விடவும் இல்லை. 'ஓசி சிஸ்டம்' என்று பெயரே வைத்துவிட்டான். கடைசியில் மாமனார் பஞ்சாயத்து முடித்தார். "சரி, ஐப்பசி முகூர்த்தம் முடியிறவரைக்கும் ஓடட்டும். பார்ட்டி முன்னால ஒருவாட்டி நின்னுச்சுன்னா, பெட்டி காயலாங்கடைக்கு. டிசைன சிவகாசியிலயே குடுத்துருவோம். பேச்சு பேச்சுதான்." நானும் சரி என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

ஆவணி முழுக்க அது நிற்கவில்லை. புரட்டாசியிலும் நிற்கவில்லை. பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. ஆப்செட் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, கட்டிங் மெஷினுக்குப் பட்டை போட்டு, கத்தரிக்கோல் ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். வைத்த சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டார்கள். காய்ந்து தானாக உதிர வேண்டும். மற்ற வருஷங்களில் கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் ஒரு சின்னப் பொட்டு வைப்பேன். அந்த வருஷம் மனசு தாங்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிய பெட்டி அது. தரையில் கிடந்ததைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். அதன் பக்கவாட்டுத் தகட்டில் வட்டமாக, சல்லடை மாதிரி ஒரு இடம் உண்டு. கம்பெனிக்காரனே பொட்டு வைக்க இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அந்த வட்டம் முழுக்கச் சந்தனத்தை அள்ளி அப்பினேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். இரண்டு முழம் மல்லிகையைப் பின்பக்கம் வரைக்கும் சுற்றினேன். எல்லா மெஷினையும்விட என்னுடையதுதான் லட்சணமாக இருந்தது. போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன்.

நாலாம் நாள் அது முதல் தடவையாக நின்றது. நல்லவேளை, கடையில் யாரும் இல்லை. மறுபடி போட்டேன், ஓடியது. மறுநாள் இரண்டு தடவை நின்றது. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாததால் எல்லோரையும் திட்டினேன். ஆப்செட்டை ஓட்டுவதால்தான் கரண்டு குறைகிறது என்று வீட்டுக்காரரைத் திட்டினேன். "என் மெஷின் உன்ன என்ன பண்ணுச்சு? பாவம், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு" என்றார். பக்கத்துக் கடை மெத்தைக்காரர் இலவம்பஞ்சு அடைப்பவர். பஞ்சு பறந்துவந்து என் பெட்டிக்குள் போகிறது என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அந்த மனிதர் மறுநாளே சாக்கைத் தைத்துத் திரை கட்டிவிட்டார். அப்படியும் நின்றது. ஒவ்வொரு தடவையும் நிற்பதற்கு முன்னால் திரையில் ஒரு ஆங்கில வரி மின்னி மறையும். நான் அதைப் படிக்கவில்லை. திட்டுவதில் அவ்வளவு மும்முரம்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகையின் முதல் பிரதியை நல்ல நேரத்தில், கல்யாண வீட்டார் கண் முன்னால் எடுப்போம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அவர்கள் கையில் கொடுத்தால், அது நேரே குலதெய்வத்துக்குப் போகும். மீதியை ஆப்செட்டில் பிறகு அடித்துக்கொள்வோம். அன்றைக்கு நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். அதை விட்டால் ராகு காலம். மல்லாங்கிணறு பக்கம் இருக்கிற கோயிலுக்குப் போக வேன் பிடித்து, வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

வந்தவர்கள் நான்கு பேர். பெண்ணின் பெரியப்பா, பெயர்ப் பட்டியல் அவர் சட்டைப் பையில். அவருடைய சம்சாரம். பெண்ணின் தாய்மாமன். நாலாவதாகப் பெண்ணின் அம்மா. அவர் மட்டும் உள்ளே வரவில்லை. கடைப் படியிலேயே நின்றுகொண்டார். நெற்றியில் ஒன்றும் இல்லை. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று பத்திரிகை வாசகத்திலேயே இருந்தது.

"உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்கிறீக" என்றேன்.

"இருக்கட்டும் தாயி. நல்ல காரியம். நான் இங்கனயே நிக்கிறேன்."

ஒன்பது இருபதுக்குப் பத்திரிகையைத் திறந்தேன். பெரியப்பா இரண்டு பெயர் சேர்க்கச் சொன்னார். முதல் பெயரை அடித்து முடிக்கவில்லை, திரை இருட்டாகிவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி போட்டேன். ஒன்பதரைக்கு மறுபடி நின்றது. மூலை நாற்காலியில் இருந்த மாமனார் பேப்பரைக் கீழே இறக்கினார். மூன்றாவது தடவை நின்றபோது ஒன்பது நாற்பது. பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொழுந்தன் உள்ளேயிருந்து போனோடு வந்து நின்றான்.

"அப்பா, சிவகாசிக்குப் போட்டுரவா? இப்ப அனுப்புனா மத்தியானத்துக்குள்ள..."

"மத்தியானத்துக்குள்ளயா? குலதெய்வத்துக்கு முகூர்த்தம் எப்பன்னு தெரியுமா தம்பி?" என்றார் பெரியப்பா.

அந்த மூன்றாவது தடவைதான் அந்த ஆங்கில வரியை நான் படித்தேன். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். வெப்பம் எல்லை மீறியது, நிறுத்திக்கொள்கிறேன் என்று இருந்தது. பாவம், பத்து நாளாக அது தன் வாயால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்டியில் கையை வைத்தேன். இட்லிக் கொப்பரை மாதிரி சுட்டது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்தது. பூ வைத்து, பொட்டு வைத்து, அது மூச்சு விடுகிற வழியை மொத்தமாக அடைத்தவள் நான்.

பஞ்சு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சாக்குத் திரை கண்ணுக்கு நேரே தொங்கியது. ஆனால் உண்மை வாயில் வந்துவிட்டது.

"நான்தான் மாமா. காத்துப் போற ஓட்டைய நான்தான் சந்தனத்த வச்சு அடச்சிருக்கேன். பெட்டி மேலயும் தப்பில்ல, சிஸ்டத்து மேலயும் தப்பில்ல."

வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தார். தகட்டைக் கழற்றலாம் என்று பார்த்தால், பதிமூன்று வருஷத் துரு. ஒரு ஸ்க்ரூவின் தலை தேய்ந்து வழுக்கியது. ஈரத்துணியை எடுத்தேன். ஊறவைத்துத் துடைத்து, ஓட்டை ஓட்டையாகக் குத்தி எடுக்க வேண்டியதுதான். துணியைக் குங்குமத்தில் வைக்கப் போனேன்.

"ஐயய்யோ, என்ன காரியம் பண்ற?" என்று பெரியப்பாவின் சம்சாரம் கத்திவிட்டார். "கல்யாணத்துக்குப் பத்திரிக்க எடுக்க வந்த எடத்துல, எங்க கண்ணு முன்னாலயே குங்குமத்த அழிப்பாகளா?"

"கைய எடும்மா" என்றார் மாமனார். அவர் குரல் அப்படிக் கேட்டதில்லை.

என் கை நின்றுவிட்டது. நான் எதற்கும் பயப்படாதவள் என்று இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினேன், ஆனால் அப்போது எனக்குப் பயம் வந்தது. கழுத்தில் தாலியோடு நின்றுகொண்டு, நானே வைத்த குங்குமத்தை, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, ஒரு கல்யாண வீட்டார் முன்னால் எப்படி அழிப்பது? நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

படியில் நின்ற பெண்ணின் அம்மா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நிதானமாக வந்தார்.

"இப்படி எங்கிட்டத் தா தாயி."

"நீ எதுக்கு உள்ள வார?" என்றார் பெரியப்பா.

"அழிக்கிறதுக்குத்தான எல்லாரும் பயப்படுறீக? எனக்குத்தான் நாலு வருசத்துக்கு முன்னாடியே அழிச்சு விட்டுட்டீகளே. இன்னமே எனக்கு என்ன வரப்போகுது?" என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். "நாலு வருசமா காடு உழல? பருத்தி போடல? எம்மகளப் படிக்க வச்சுக் கட்டிக்குடுக்கப்போறது யாரு? இந்த நெத்தியோடதான எல்லாம் பண்ணுனேன்."

சொல்லிக்கொண்டே துடைத்தார். அழுந்தத் துடைத்தார். குங்குமம் துணியில் ஏறிச் சிவப்பாக வழிந்தது. நான் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அவர் துடைத்த இடத்தில் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினேன். பின்பக்கம் காய்ந்து சுருண்டிருந்த மல்லிகையை வீட்டுக்காரர் பிய்த்துப் போட்டார். ஆப்செட் பக்கத்திலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தார். அத்தனை பேரும் ஒரு கம்ப்யூட்டருக்கு விசிறிக்கொண்டு நின்றோம்.

பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சுவிட்சைப் போட்டேன். திறந்தது. அந்த வரி சொன்ன வெப்பம் இப்போது எவ்வளவு என்று தேடினேன். அதைக் காட்டுகிற ஒரு சின்ன எண் இந்த சிஸ்டத்திலேயே இருந்தது. எண்பத்தொன்று காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்து நான்கு. பிறகு அறுபத்தெட்டு. அங்கேயே நின்றது.

பத்திரிகையைத் திறந்து, விட்ட இரண்டு பெயரையும் சேர்த்தேன். கடைசி வரிக்கு வந்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே பெரியப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. பட்டியலில் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மாவிடம் திரும்பினேன்.

"ஒங்க பேரச் சொல்லுங்கம்மா."

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பெரியப்பா முன்னால் வந்தார். "அது லிஸ்ட்டுல இல்லையேம்மா."

"லிஸ்ட்டுல விட்டுப்போச்சு போலருக்கு. நல்ல நேரம் முடிய பத்து நிமிசம் இருக்கு. பேசிக்கிட்டிருக்கவா, அடிக்கவா?"

அது மிரட்டல்தான். ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரி கல்யாண வீட்டாரிடம் பேசுகிற பேச்சு இல்லை அது. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். கடை போனாலும் போகட்டும் என்று விரல்களை விசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை வாயே திறக்காத தாய்மாமன்தான் பேசினார்.

"எங்கக்கா பேர அடிங்கம்மா. மொதல்ல அவுக பேரு, அடுத்து பெரிய மச்சான் பேரு."

பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா தன் பெயரை மெதுவாகச் சொன்னார், வெகுநாளாக வாயில் வராத பெயர் போல. அடித்தேன். பத்து பன்னிரண்டுக்கு அட்டை பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. மஞ்சள் தடவுவது எப்போதும் நான்தான். அன்றைக்குக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். சின்ன யோசனைக்குப் பிறகு விரலை நனைத்து நான்கு மூலையிலும் தடவினார். விரல் நகத்தில் என் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது.

வேன் போனதும் கொழுந்தன் ஆரம்பித்தான். "அப்பா, பேச்சு பேச்சுதான? பார்ட்டி முன்னால ஒருவாட்டி இல்ல, மூணுவாட்டி நின்னுருச்சு."

மாமனார் பேப்பரை விரித்துக்கொண்டார். "ஒன் மூக்குல சந்தனத்த அப்பிக்கிட்டு மூணு நாளு கடைக்கு வா. நீ நிக்கிறியா விழுறியான்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் அந்த ஸ்க்ரூவைத் துளைபோட்டு எடுத்தார். தகட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி பஞ்சு. ஆக, மெத்தைக்காரர்மேலும் கொஞ்சம் தப்பு இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பஞ்சைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பஞ்சு, வீணாக்காதீக. ஊசி குத்தி வைக்கிற குட்டி மெத்தைக்கு ஆகும்" என்றார். சாக்குத் திரையை மட்டும் இன்றுவரை அவிழ்க்கவில்லை.

பெட்டி அதே மேஜையில்தான் இருக்கிறது. இரண்டு தடவை சிஸ்டத்தைப் புதுசாக்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. டவுனில் மூன்று கடைக்காரர்கள் முடிந்துவிட்டது என்று தூக்கிப் போட்ட பெட்டிகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒன்று உண்மையிலேயே முடிந்திருந்தது. மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எது முடிந்தது, எது முடியவில்லை என்பதைத் தொட்டுப் பார்க்காமல் சொல்கிற எவனையும் நான் நம்புவதில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமனாரே சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிங் மெஷினுக்கு வைத்தார், ஸ்டேப்ளருக்கு வைத்தார். என் மேஜைக்கு வந்ததும் விரலில் சந்தனத்தோடு நின்றுவிட்டார். முன்பக்கம் பார்த்தார், பக்கவாட்டில் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு எங்கனம்மா வைக்க?"

"அதுக்கு வேணாம் மாமா. பொட்டு இல்லாமலே நல்லாத்தான் ஓடுது."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஆப்செட் பக்கம் போனார்.